யால கடலோரக் கூடார விடுதி: சிறுத்தை உண்டு, நீச்சல் கிடையாது

நானும் என் கணவரும் தங்கியது இலங்கையின் யால தேசியப் பூங்காவை ஒட்டிய ஒரு கடலோர விடுதியில். பேருக்குத்தான் கூடாரம், உள்ளே ஏசி, பெரிய கட்டில், குளியல் தொட்டி எல்லாம் உண்டு. இருட்டினால் தனியே நடக்க விடமாட்டார்கள், டார்ச்சோடு ஒருவர் கூடவே வருவார். "இதெல்லாம் பந்தா" என்று இவர் முணுமுணுத்தார். விடிந்ததும் படிக்கட்டுக்கு அருகிலேயே யானைக் காலடித் தடம், பக்கத்தில் ஈரம் காயாத லத்தி. அதற்குப் பிறகு மனுஷன் வாயைத் திறக்கவில்லை!

காலைச் சஃபாரிதான் உசத்தி. பூங்காவின் ஒன்றாம் பிளாக் என்ற பகுதியில் சிறுத்தைகள் அதிகம், ஜீப்புகள் அதைவிட அதிகம். எங்கள் ஓட்டுநர் அந்த நெரிசலுக்குள் போகாமல் ஒரு குளக்கரையில் எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருந்தார். எதிர்ப்பாறையில் சிறுத்தை படுத்திருந்தது. வால் நுனி மட்டும் அசைந்திராவிட்டால் பாறை என்றே நினைத்திருப்போம். பூங்காவுக்குள் ஜீப்பை விட்டு இறங்கி நிற்க அனுமதிக்கும் பட்டணங்கல கடற்கரையில் 2004 சுனாமியில் இறந்தவர்களுக்கு நினைவுச்சின்னம் இருக்கிறது.

சாப்பாடு பரவாயில்லை. குறை என்றால், விளம்பரப் படங்களில் கடல் அழைக்கிற மாதிரி இருக்கும், ஆனால் அலை பொல்லாதது, இறங்கவே முடியாது. பூங்கா நுழைவுக் கட்டணம் தனி என்பதையும் கடைசியில்தான் சொன்னார்கள். வழக்கமாகச் செப்டம்பரில் ஒன்றாம் பிளாக்கை மூடுவார்கள், முன்பதிவுக்கு முன் தேதியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.