பழைய வேகப்படகைச் சீர்ப்படுத்த: மரமா, நுரைப்பலகையா, ஊற்றுக் கலவையா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், மெரிபேங்கிலோ சாட்ஸ்வர்த்திலோ பழைய ஃபைபர் வேகப்படகு ஒன்றைச் சல்லிசாக வாங்கிக் கொல்லைப்புறத்தில் நிறுத்தும் நம்மவர்கள் முதலில் சொல்வது இதுதான்: "இந்தத் தடவை உள்ளே மரமே கூடாது." சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. 1970களில் வந்த பதினாறு, பதினேழு அடிப் படகுகளில் எஞ்சினைத் தாங்கும் பின்பலகை, தரைக்கு அடியில் நெடுக ஓடும் சட்டங்கள், தரை எல்லாமே பெரும்பாலும் ஒட்டுப்பலகையும் கட்டையும்தான். மேலே கண்ணாடி இழைப் போர்வை. பிரித்துப் பார்த்தால் உள்ளே கறுத்த சக்கை.

ஆனாலும் என் கட்சி வேறு. மரம் என்பதால் அந்தப் பலகை இற்றுப்போகவில்லை. ஏணிக்கும் வடிகுழாய்க்கும் மீன் தேடும் கருவிக்கும் துளை போட்டவர்கள் அந்தத் துளையை ரெசினால் (இறுகிக் கெட்டிப்படும் செயற்கைப் பிசின்) அடைக்காமல் திருகை முறுக்கிவிட்டுப் போனார்கள். தண்ணீர் அந்த வழியே போனது. இன்று நுரைப்பலகை வைத்துக் கட்டிவிட்டு அதே போலத் துளை போட்டால், பலகை இற்றுப்போகாது, சரி. தண்ணீர் மட்டும் உள்ளே போய்த் தங்கி, கண்ணாடி இழை மெல்ல உரிந்து வரும்.

முதலில் நோயைப் பார்க்க வேண்டும். எஞ்சின் காலின் அடிப்பக்கத்தைப் பிடித்து மேலும் கீழும் அசைக்கும்போது பின்பலகையின் மேல்விளிம்பைக் கவனியுங்கள். வளைந்தால் பேச்சே வேண்டாம். சந்தேகம் இருந்தால், படகின் உள்பக்கமாக, பலகையின் அடிமட்டத்தில் ஆறு மில்லிமீட்டர் துளை ஒன்று போடுங்கள். துளைக்கருவியின் நுனியில் வெளிறிய, உலர்ந்த சுருள் வந்தால் நல்ல சேதி. காப்பித்தூள் நிறத்தில் ஈரச் சேறு வந்து புளித்த வாடை அடித்தால், பலகை முழுவதையும் மாற்றுவது என்று முடிவு செய்துவிடலாம். பார்த்து முடித்ததும் அந்தத் துளையை எபாக்சி ரெசினால் அடைத்துவிடுங்கள். நான் திட்டியது இதைத்தானே.

இனி மூன்று வழிகள். நுரைப்பலகைக்காரர்கள் முதலில் நீட்டும் சீட்டு எடை. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒன்றரை மீட்டர் அகலம், அரை மீட்டர் உயரம், இரண்டு 18 மில்லிமீட்டர் பலகை சேர்த்து ஒட்டிய பின்பலகை என்றால் கொள்ளளவு 0.027 கனமீட்டர். மெரைன் ஒட்டுப்பலகை கனமீட்டருக்கு 600 கிலோ என்று வைத்தால் 16 கிலோ. கண்ணாடி இழை கலந்த கனத்த பாலியூரித்தேன் நுரைப்பலகை கனமீட்டருக்கு 416 கிலோ. அதில் செய்தால் 11 கிலோ. மிச்சம் ஐந்து கிலோ! கப்பலேறி வரும் அந்தப் பலகைக்கு டாலர் விலையை ராண்டில் பெருக்கிக் கொடுப்பது இந்த ஐந்து கிலோவுக்காக. எஞ்சின் போல்ட்டை இறுக்கும்போது நுரை நசுங்காமல் இருக்க அகலமான உலோகத் தகடு வேறு வைக்க வேண்டும். திருகுப் பிடிப்பும் மரத்தைவிடக் குறைவு.

தரையில் கதை மாறுகிறது. ஐந்து சதுர மீட்டர், 12 மில்லிமீட்டர் தடிமன்: ஒட்டுப்பலகை 36 கிலோ, கனம் குறைந்த நுரைப்பலகை 19 கிலோ. வேகப்படகுக்கு அந்தப் பதினேழு கிலோ பெரிது. தரையில் பெரிய போல்ட் எதுவும் இல்லை. கால் மிதிக்கும் பாரம் மட்டும்தான். ஆகவே பணம் இருந்தால் அதைத் தரையில் போடுங்கள், பின்பலகையில் வேண்டாம். அதற்கும் முன்னால், தரைக்கு அடியில் ஊற்றியிருக்கும் பழைய நுரையை ஒரு கை பிய்த்துப் பிழிந்து பாருங்கள். நீர் சொட்டினால் படகு ஒவ்வொரு லிட்டருக்கும் ஒரு கிலோ சுமந்துகொண்டு ஓடியிருக்கிறது. அதை எடுத்தெறிவதில் கிடைக்கும் லாபம் எந்தப் பலகையிலும் கிடைக்காது. ஆனால் எடுத்த இடத்தில் புது மிதவை நுரை போட்டாக வேண்டும். 2007-ஆம் ஆண்டின் சிறுகலப் பாதுகாப்பு விதிகள் அணைநீரிலும் செல்லும்; தகுதிச் சான்றிதழுக்கு வரும் ஆய்வாளர் மிதவையைக் கேட்பார்.

மூன்றாவது வழி, பின்பலகையின் வெளித்தோலையும் உள்தோலையும் அப்படியே விட்டு, நடுவில் இருக்கும் இற்ற மரத்தை மேலிருந்து சங்கிலி ரம்பத்தால் அறுத்தெடுத்து, வெற்றிடத்தில் கெட்டிப்படும் ரெசின் கலவையை ஊற்றுவது. மேல்தளத்தைக் கழற்ற வேண்டியதில்லை, வேலை பாதிதான். என் மாமா கடல் படகுகளோடு காலம் தள்ளியவர். அவருடைய மீன்பிடிப் படகுக்கு இதைத்தான் செய்தார், குறை சொல்ல ஒன்றுமில்லை. வேகப்படகுக்கு நான் ஒப்பமாட்டேன். அடிமூலையில் தங்கிவிட்ட இற்ற மரம் கண்ணில் படாது. சட்டங்களின் முனை பின்பலகையைத் தொடும் இடத்தில்தான் இற்றல் பரவியிருக்கும், அதை இந்த வழி தொடுவதே இல்லை.

மரம் என்றதும் கட்டுமானக் கடையில் அடுக்கி வைத்திருக்கும் ஷட்டர்பிளையைத் தூக்கிவந்துவிடாதீர்கள். அது கான்கிரீட் வார்க்க. மெரைன் ஒட்டுப்பலகைக்கான பிரிட்டிஷ் தரமான பிஎஸ் 1088 முத்திரை உள்ள பலகை கேளுங்கள். முத்திரையை நம்பவில்லையா, ஒரு துண்டை வெட்டி அடுப்பில் கொதிக்க வையுங்கள். அடுக்கு பிரிந்தால் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுங்கள்.

உண்மையான போட்டி ரெசினில்தான். பாலியெஸ்டர் மலிவு, சீக்கிரம் இறுகும், மேலே ஜெல்கோட் (படகின் நிறமுள்ள வெளிப்பூச்சு) நன்றாகப் பிடிக்கும். ஆனால் புதிதாக வார்க்கும்போதுதான் அது ஒன்றோடொன்று கலந்து பிடிக்கும். அரை நூற்றாண்டு இறுகிய பழைய உடல்மீது வெறும் ஒட்டாக உட்காரும், இறுகும்போது சுருங்கவும் செய்யும். எபாக்சி இரண்டு, மூன்று மடங்கு விலை. பழைய பரப்பிலும் மரத்திலும் அது பிடிக்கும் பிடி வேறு. பின்பலகைக்கும் சட்டங்களுக்கும் எபாக்சி என்பதில் எனக்கு இரண்டாம் பேச்சு இல்லை. ஒன்று மட்டும் கவனம்: நறுக்கிய இழைகளை ஒட்டிச் செய்த சாதாரணப் பாயில் (மேட்) இருக்கும் பசை பாலியெஸ்டரிலுள்ள ஸ்டைரீனில் கரைவதற்கென்றே செய்தது, எபாக்சியில் அது கரையாமல் விறைத்து நிற்கும். தைத்த இழைத்துணியை வாங்குங்கள்.

டர்பனின் ஜனவரிப் புழுக்கத்தில் எபாக்சியைக் கோப்பையில் நிறையக் கலந்தால் கை வைப்பதற்குள் புகைந்துவிடும். ஈரக்காற்றில் மேலே மெழுகு போன்ற படலமும் படியும். தண்ணீரால் தேய்த்துக் கழுவாமல் அடுத்த அடுக்கு போட்டால் பிடிக்காது. நம்மூரில் இந்த வேலைக்குக் காலம் ஜூன் முதல் ஆகஸ்டு வரையான உலர்ந்த குளிர்காலம். கோயில்களில் ஆடிக் கூழ் ஊற்றும் வாரக்கடைசிகள் போக மீதியில் செய்துகொள்ளலாம்.

மரமோ நுரையோ, பழைய சட்டத்தை அறுக்கும் முன் படகின் அடியை நெடுகத் தாங்கல் கொடுத்து நிறுத்துங்கள். அறுத்தபின் அடி தொய்ந்தால், புதுச்சட்டம் அந்தத் தொய்வை நிரந்தரமாக்கிவிடும். பின்முனையிலிருந்து இரண்டு மீட்டர் நேர்க்கோலை அடியில் வைத்துப் பாருங்கள். நடுவில் வெளிச்சம் தெரிந்தால் குழிவு. படகு மூக்கைக் குத்திக்கொண்டு வேகம் இழக்கும். நடு புடைத்திருந்தால் மூக்கு மேலும் கீழுமாகத் துள்ளும். டிரெய்லர் தாங்கிகள் வருடக்கணக்கில் அழுத்தியே இந்தக் குழிவு வருவதுண்டு.

எஞ்சினில் நான் பழையதன் பக்கம். 1976-இல் மெர்க்குரி கொண்டுவந்த பிளாக் மேக்ஸ் வி6 போன்ற இருவீச்சு (டூ-ஸ்ட்ரோக்) எஞ்சின்களின் எடையை வைத்துத்தான் இந்த உடல்கள் வடிவமைக்கப்பட்டன. மெர்க்குரியின் இன்றைய 150 குதிரைத்திறன் நால்வீச்சு (ஃபோர்-ஸ்ட்ரோக்) எஞ்சின் 206 கிலோ. பழையது அதைவிடக் கணிசமாகக் குறைவு. கூடுதல் எடை வாலில் உட்கார்ந்தால் படகு நிற்கும்போதே பின்புறம் அமிழும். எரிபொருளும் புகையும் பற்றிக் கவலைப்படுகிறவர் நால்வீச்சுக்குப் போகட்டும், தவறில்லை. டர்பனின் வெட்ச்சஸ் கரையில் அலையை உடைத்து ஏறும் ஸ்கீ படகுகளில் (நம்மூரில் கடல் மீன்பிடிப் படகுக்கு அந்தப் பெயர்) இரட்டை எஞ்சின்தான் வழக்கம். தாழ்ந்த மூக்குள்ள இந்த ஒற்றை எஞ்சின் படகுக்கு இடம் அணைதான். மிட்மார் அணை ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரம், வால் அணை 1,500-ஐ ஒட்டி. 300 மீட்டருக்கு மூன்று சதவீதம் என்று திறன் குறையும். வால் அணையில் பதினைந்து சதவீதம் போய்விடும். நால்வீச்சின் கணினி கலவையைத் தானே திருத்திக்கொள்ளும், இழந்த திறனைத் தராது. பழைய எஞ்சினின் கார்புரேட்டரில் சிறிய ஜெட் (எரிபொருள் வரும் துளை) மாட்ட வேண்டும். கீழே கடல்மட்டத்துக்கு வந்ததும் பழைய ஜெட்டை மறக்காமல் மாட்டாவிட்டால் பிஸ்டன் வெந்துவிடும். புரொபெல்லர் பிட்சையும், அதாவது ஒரு சுற்றில் அது முன்னேறும் தூரத்தையும், ஒன்றிரண்டு அங்குலம் குறைக்க வேண்டும்.

மேல்பூச்சில் ஜெல்கோட் தடிமன் தரும், கீறினாலும் தேய்த்து மீட்கலாம். இரு கலவைப் பாலியூரித்தேன் பெயின்ட் மினுங்கும். அதிலுள்ள ஐசோசயனேட் நுரையீரலுக்கு விஷம், தூசி முகமூடி போதாது, காற்றுக்குழாய் முகமூடி வேண்டும். எபாக்சி பூசிய இடத்தில் பெயின்ட்தான் சுலபம். உலோகத் துகள் மினுமினுக்கும் பழைய ஜெல்கோட் உங்கள் படகில் இருந்தால் அதைத் தொடாதீர்கள். தெளிந்த மேலடுக்கை மட்டும் மெருகேற்றுங்கள். ஒட்டுப் போட்ட துகள் பத்தடி தூரத்திலேயே காட்டிக்கொடுத்துவிடும்.