நடைப் பந்தயத்துக்குப் பிள்ளைகள்: ஓடுகிறவனை மாற்றுவதா, புதிதாக எடுப்பதா? ஊரா, விடுதியா, பட்டாளமா?

ஏப்ரல், மே வந்தால் பாலக்கோடு பக்கம் நாலைந்து பெற்றோராவது என்னைத் தேடி வந்துவிடுவார்கள். "சார், பாப்பாவ விளையாட்டு விடுதியில சேத்துடலாமா, இல்ல உங்ககிட்டயே இருக்கட்டுமா?" என்பார்கள். பையனாக இருந்தால் பட்டாளப் பேச்சும் சேர்ந்துகொள்ளும். ஒவ்வொருவரிடமும் அவசரமாகப் பேசி அனுப்புவதை விட, பிள்ளைகளுக்கு நடைப் பந்தயம் சொல்லிக்கொடுத்துப் பழகியவன் என்ற முறையில் நிதானமாக எழுதிவைக்கிறேன்.

முதலில் யாரை எடுப்பது என்று பார்ப்போம். 1500, 3000 மீட்டரில் நாலாவது, ஐந்தாவது வருகிற பையனைப் பிடித்து நடைக்கு மாற்றுவது எல்லோரும் செய்கிற வழி. மூச்சு ஏற்கெனவே பழகியிருக்கும், வலி தாங்குவான், ஒரே வருடத்தில் மாவட்டப் பதக்கம்கூட வந்துவிடும். இன்னொரு வழி, ஓட்டப் பயிற்சியே இல்லாத ஏழாம் வகுப்புப் பிள்ளையின் கணுக்காலையும் இடுப்பையும் பார்த்து எடுத்து, நடையையே முதலில் சொல்லிக்கொடுப்பது.

மாற்றி எடுத்த பையனிடம் சிக்கல் முட்டியில் இருக்கிறது. முன்னால் வைக்கும் கால் தரையைத் தொட்ட நொடியிலிருந்து, உடம்பு அந்தக் காலுக்கு நேர் மேலே வரும்வரை முட்டி மடங்கக் கூடாது என்பது விதி. ஓடிப் பழகிய கால் இதற்கு நேர் எதிர், முட்டியை மடக்கித்தான் தரையின் அடியை வாங்கும். மெதுவாகப் போகும்போது அழகாக இருப்பான், கடைசி நாலு சுற்றில் மூச்சு முட்டும்போது பழைய ஓட்டக்கால் வந்து உட்கார்ந்துகொள்ளும். நடுவர்களுக்குக் கேமரா கிடையாது, வெறும் கண்தான். மூன்று பேர் சிவப்பு அட்டை எழுதினால் ஆள் வெளியே. தண்டனை இடம் வைத்திருக்கிற போட்டியாக இருந்தால் மூன்றுக்கு அங்கே கொஞ்ச நேரம் நிற்க வேண்டும், நாலாவது வந்தால் அதோடு முடிந்தது.

போன வருடம் அப்படி ஒரு பையன் வந்தான். வேப்பமரத்தடியில் முட்டியளவு உயரத்தில் செல்போனை வைத்து, பக்கவாட்டில் ஸ்லோமோஷனில் எடுத்தேன். இடது கால் கம்பு மாதிரி இறங்குகிறது. வலது கால் மட்டும் குதிகால் பட்டதும் துளி மடங்கி, அப்புறம் நிமிர்கிறது. வெறும் கண்ணுக்கு அது ஒரு சின்ன நொண்டல் மாதிரிதான் தெரியும். பின்தொடைச் சதை இறுகியிருந்தது. அதைத் தளர்த்தி அந்த மடிப்பை எடுக்க எங்களுக்கு ஐந்து மாதம் ஆயிற்று, அந்த ஐந்து மாதமும் அவனை ஒரு போட்டிக்கும் அனுப்பவில்லை.

புதிதாக எடுக்கும் பிள்ளைக்கு நான் வைக்கும் தேர்வு ரொம்ப எளிது. வெறுங்காலோடு குந்தி உட்காரச் சொல்வேன், குதிகால் தரையை விட்டு எழக் கூடாது. நிலக்கடலைக் காட்டில் களை எடுத்துப் பழகிய நம் பிள்ளைகள் சாதாரணமாக உட்கார்ந்துவிடுவார்கள். அப்புறம் சுண்ணாம்புக் கோடு போட்டு, இரண்டு பாதமும் அந்த ஒரே கோட்டில் விழும்படி நடக்கச் சொல்வேன். இடுப்பு தானாகச் சுழல்கிற பிள்ளையை அங்கேயே கண்டுபிடித்துவிடலாம். வேகம், தாண்டல், எறிதல் என்று போகிற பொதுத் திறன் தேர்வுகளில் இந்தப் பிள்ளை கடைசியில் நிற்கும். ஓட்டத்திலிருந்துதான் வர வேண்டும் என்று கட்டாயமும் இல்லை. 2022 பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டியில் 10,000 மீட்டர் நடையில் வெள்ளி வாங்கிய பிரியங்கா கோஸ்வாமி ஜிம்னாஸ்டிக்ஸில் தொடங்கியவர்.

ஆனால் மூச்சு வேண்டாம் என்று சொல்லவே மாட்டேன். அக்‌ஷ்தீப் சிங் 2024ல் 20 கிலோமீட்டரை 1:19:38ல் நடந்தார், அதாவது கிலோமீட்டருக்கு 4 நிமிடத்துக்கும் கொஞ்சம் குறைவு. அந்த வேகத்தில் 5 கிலோமீட்டர் ஓடவே நம் பள்ளிப் பையன்களில் பாதிப் பேருக்கு முடியாது. மூச்சை 18 வயதில்கூட வளர்த்துக்கொள்ளலாம், முட்டிப் பழக்கத்தை அந்த வயதில் மாற்றுவது பெரும் பாடு. அதனால் என் ஓட்டு புதிதாக எடுப்பதற்குத்தான். ஓடுகிறவனை எடுத்தால் 15 வயதுக்குள் எடுங்கள், முதல் வருடம் நேரமே பார்க்காதீர்கள்.

அடுத்தது, எங்கே வளர்ப்பது. பட்டாளத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ராணுவத்தின் பாய்ஸ் ஸ்போர்ட்ஸ் கம்பெனியில் 8 முதல் 14 வயதுப் பையன்களை எடுத்து, படிக்கவைத்து, பதினேழரை வயதில் படையில் சேர்க்கிறார்கள். சாப்பாடு, மருத்துவம், வேலை என்று வீட்டுக்காரர்களின் பயம் எல்லாம் அங்கே தீர்ந்துவிடுகிறது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் பத்தாவதாக வந்த கே.டி. இர்ஃபான் ராணுவக்காரர், தமிழ்நாட்டின் கணபதி கிருஷ்ணனும் அப்படியே. இடம் கிடைத்தால் அனுப்புங்கள், ஆனால் பிள்ளை நேரான முட்டியோடு போகட்டும். 2016 ரியோவில் 20 கிலோமீட்டர் நடந்த நம் மூவரில் மணீஷ் சிங் 13வதாக வந்தார், கணபதியும் குர்மீத் சிங்கும் தகுதி நீக்கம் ஆனார்கள். அத்தனை வருட உழைப்பையும் விதி அந்த இடத்தில் வெட்டிவிடுகிறது.

விடுதியில் முட்டை, கறி, டிராக், போட்டிக்குப் போகப் பேருந்துச் செலவு எல்லாம் உண்டு. அப்பா அம்மா பெங்களூரில் கட்டட வேலைக்குப் போய், பாட்டியோடு இருக்கிற பிள்ளைக்கு இது பெரிய காரியம், நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஓட்டம், தாண்டல், எறிதல் என்று எல்லாப் பிள்ளைகளையும் ஒரே பயிற்சியாளர் பார்க்கிற இடத்தில், நடைக்காரப் பிள்ளையைத் தினமும் பக்கவாட்டில் நின்று பார்க்க யாருக்கு நேரம்? வருடா வருடம் பதக்கம் காட்ட வேண்டிய நெருக்கடி வேறு. சேர்க்கும் முன் "இங்கே நடை சொல்லிக்கொடுத்தவர் யார் இருக்கிறார்கள்?" என்று கேளுங்கள்.

ஊரில் வசதி குறைவு. சாலை ஓரச் சரிவில் ஒரே பக்கமாக நடந்தால் இடுப்பு வலிக்கும், விடிகாலையிலேயே தக்காளி வண்டிகள் வந்துவிடும், நல்ல சமதளச் சுற்று கிடைப்பது கஷ்டம். அதை விடக் கஷ்டம், பெண் பிள்ளை இடுப்பைச் சுழற்றி நடப்பதைப் பார்த்து டீக்கடையில் சிரிப்பது. ஒரு பிள்ளை அதனாலேயே மூன்று வாரம் வரவில்லை. அவள் அம்மா தன் எக்ஸ்எல்லை எடுத்துக்கொண்டு தினமும் பின்னாலேயே வரத் தொடங்கிய பிறகுதான் அந்தச் சிரிப்பு நின்றது. இதையெல்லாம் தாண்டியும் பத்தாவது வரை ஊர்தான் என் பக்கம். களி, கடலை, தினம் இரண்டு முட்டை, வாரத்துக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் போகாத நடை, ஒவ்வொரு நாளும் முட்டியைப் பார்க்க ஒரு கண். முன்னங்கால் எலும்போரம் வலித்தால் அன்றைக்கே நிறுத்திவிடலாம், யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

அவசரப்படவும் காரணம் இல்லை. 2026 முதல் உலக அளவில் 20, 35 கிலோமீட்டருக்குப் பதிலாக அரை மாரத்தான், மாரத்தான் தூரம் என்று மாற்றிவிட்டார்கள். 14 வயதுப் பிள்ளை அந்த இடத்தில் நிற்கப் பத்து வருடமாவது ஆகும். பதினொன்றாம் வகுப்பில் விடுதிக்கோ, ஓசூரைத் தாண்டினால் வந்துவிடுகிற பெங்களூருக்கோ போகட்டும்.

அம்மா எக்ஸ்எல்லில் பின்னால் வருகிற அந்தப் பிள்ளை இப்போது ஒன்பதாவது. அடுத்த ஏப்ரலில் அவர்களும் விடுதி பற்றிக் கேட்பார்கள். வலது கணுக்கால் இன்னும் கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறது, ஒரு வருடம் பொறுங்கள் என்றுதான் சொல்லப்போகிறேன்.