நாகையிலிருந்து சதுரகிரிக்கு அமாவாசை வேன்: போய்வந்த அனுபவம்

போன பங்குனி அமாவாசைக்கு எங்கள் தெருவில் நோட்டீஸ் ஒட்டியிருந்த வேன்காரரிடம் பணம் கட்டி, அம்மாவையும் கூட்டிக்கொண்டு, வத்திராயிருப்புப் பக்கம் காட்டுக்குள் இருக்கும் சிவன் மலையான சதுரகிரிக்குப் போய்வந்தேன். ஆளுக்கு 1,800 ரூபாய், போக வர, இரண்டு வேளைச் சாப்பாடு சேர்த்து. கூட வந்த வழிகாட்டிப் பெரியவருக்காக இன்னொரு தடவையும் இதே வேனில் போவேன். ஆனால் ஏற்பாட்டில் இருந்த குறைகளையும் சொல்லியாக வேண்டும், வயசானவர்களோடு போகிறவர்களுக்கு அது ரொம்ப முக்கியம்.

மாலை ஆறுக்குக் கிளம்பும் என்றார்கள். திருவாரூர், மன்னார்குடி என்று நின்று நின்று ஆள் ஏற்றி, தஞ்சாவூர் தாண்டவே பதினொன்றாகிவிட்டது. மதுரை, கிருஷ்ணன்கோவில், வத்திராயிருப்பு வழியாகத் தாணிப்பாறை அடிவாரத்தில் இறங்கும்போது காலை எட்டரை. காலையில் குறிப்பிட்ட நேரத்துக்குப் பிறகு மலையேற விடமாட்டார்கள், மேலே ராத்தங்கவும் அனுமதி இல்லை, அதனால் இப்படித் தாமதித்தால் முழுக்க வெயிலில்தான் ஏற வேண்டும். எங்கள் பக்கத்தில் மேடு என்றால் ஆற்றங்கரை, மலைக்கோயில் என்றால் சுவாமிமலை, அதுவும் அறுபது படி வைத்த கட்டுமலை. வரப்பில் நடந்து பழகிய காலுக்கு இந்தக் கல்லுப்பாதை வேறு மாதிரி.

அடுத்தது, வனத்துறை சோதனை. 2021-இலிருந்து இது புலிகள் காப்பகம், பிளாஸ்டிக் எதையும் உள்ளே விடுவதில்லை. இதை வேன்காரர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எங்கள் கூட்டத்தில் பாதிப்பேர் கையில் வைத்திருந்த தண்ணீர் பாட்டிலை வாசலிலேயே வைத்துவிட்டுத்தான் போனார்கள். அம்மா எப்போதும்போல சில்வர் தூக்கில் தண்ணீர் எடுத்து வந்திருந்ததால் நாங்கள் தப்பித்தோம்.

சரி, பெரியவரைப் பற்றிச் சொல்கிறேன். எழுபது வயசு இருக்கும், கையில் மூங்கில் தடி, காலில் செருப்பு இல்லை. நாலு மணி நேரம் ஏறினோம், ஒரு இடத்தில்கூட யாரையும் அவசரப்படுத்தவில்லை. வழுக்குப்பாறையில் அம்மா தயங்கி நின்றபோது, தடியின் மறுமுனையை நீட்டி, "பாறையைப் பாக்காத தங்கச்சி, என் குதிகாலைப் பாரு" என்றார். அம்மாவும் அப்படியே பார்த்துக்கொண்டு ஏறிவிட்டார்.

கோரக்கர் சித்தர் குகைக்கு வந்ததும்தான் எனக்கு உடம்பு சிலிர்த்தது. எங்களுக்குக் கோரக்கர் என்றால் நாகை பக்கத்து வடக்குப் பொய்கைநல்லூரில் இருக்கும் அவர் ஜீவசமாதி, ஐப்பசி பௌர்ணமிக் கூட்டம், கடற்கரை மணல். சின்ன வயசிலிருந்து போய்க்கொண்டிருக்கிற இடம். அவரே இந்தக் காட்டுக்குள் தவம் செய்த குகை இது என்று பெரியவர் காட்டியபோது அம்மா அங்கேயே உட்கார்ந்துவிட்டார். பாறையில் உரல்குழி மாதிரி வழவழவென்று ஒரு பள்ளம், அடியில் கொஞ்சம் தண்ணீர், ஒரு நாவல் இலை மிதந்துகொண்டிருந்தது. மூலிகை அரைத்த குழியாம். அவருடைய குரு மச்சேந்திரர் கொடுத்த திருநீற்றைப் பிள்ளையில்லாத பெண் நம்பாமல் அடுப்பில் போட்டுவிட, சில வருஷம் கழித்து அவர் வந்து "கோரக்கா" என்று கூப்பிட்டதும் சாம்பலிலிருந்து பிள்ளை எழுந்து வந்த கதையைப் பெரியவர் ஆரம்பித்தார், பாதியிலிருந்து அம்மா தொடர்ந்தார். இரண்டு பேரும் ஒரே கதையை ஒரே மாதிரி சொன்னார்கள், ஒருவர் மலையிலிருந்து, ஒருவர் கடற்கரையிலிருந்து.

மேலே சுந்தர மகாலிங்கம் சன்னிதியில் லிங்கம் சற்றே சாய்ந்துதான் இருக்கும். பச்சைமால் என்ற இடையர், பசுவின் மடியில் வாய் வைத்துப் பால் குடித்துக்கொண்டிருந்த சாதுவைக் கம்பால் அடித்துவிட்டு, அடிபட்டது சிவன் என்று தெரிந்து கதறினார், அந்த அடியில்தான் லிங்கம் சாய்ந்தது என்பது கதை. இதற்கு முன்னால், கேட்ட சாதுவுக்குப் பால் கொடுத்ததற்காகத் தன் மனைவி சடைமங்கையையும் அடித்தவர் அவர். பெரியவர் அந்தப் பகுதியைத்தான் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். நிறையப் பேர் அதை விட்டுவிட்டுப் பசுவிலிருந்து ஆரம்பிப்பார்கள், எனக்கு அது பிடிக்காது. அந்தப் பெண் கொடுத்த பால் இல்லாமல் இந்தக் கதையே இல்லையே. கதையைக் கேட்டுவிட்டு அந்தச் சாய்வைப் பார்க்கும்போது கண் கலங்கிவிட்டது.

அதே மலையில் இருக்கும் சந்தன மகாலிங்கம் கோயிலுக்குப் போக முடியவில்லை, அதில் எனக்கு வருத்தம் உண்டு. உமையவள் சந்தனத்தில் லிங்கம் பிடித்து, சிவன் உடம்பில் பாதி கேட்டுத் தவமிருந்த இடம் என்பார்கள். மதியத்துக்கு மேல் மேகம் கூடியதும் பெரியவர் இறங்கச் சொல்லிவிட்டார். 2015-இல் இங்கே ஓடையில் திடீர் வெள்ளம் வந்து பக்தர்கள் இறந்திருக்கிறார்கள், அதனால் அவர் சொன்னது சரிதான். தப்பு ராத்திரி வீணாக்கிய நேரத்தில் இருக்கிறது.

அப்புறம் சாப்பாடு. முதல் நாள் இரவே கட்டிய தயிர்சாதம் மதியம் பிரித்தபோது புளித்து நூல் விட்டிருந்தது. நான் தொடவில்லை. பங்குனி வெயிலில் புளிசாதம்தான் தாங்கும், இது எங்கள் ஊரில் கட்டுச்சோறு கட்டும் எல்லோருக்கும் தெரிந்தது. இறங்கியதும் சொன்னேன், அடுத்த முறை மாற்றுகிறோம் என்றார்கள்.

போவதாக இருந்தால் வேன் எத்தனை மணிக்குத் தஞ்சாவூரைத் தாண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டு பணம் கட்டுங்கள். வழிகாட்டியாக அந்தப் பெரியவர்தான் வருகிறாரா என்றும் கேளுங்கள்.

திரும்பும்போது பொய்கைநல்லூரில் இறக்கிவிடச் சொல்லி அம்மா கேட்டார். வழியில்லை என்று டிரைவர் மறுத்துவிட்டார். கால் வீக்கம் வடிந்த பிறகு, அடுத்த வியாழக்கிழமை டவுன் பஸ்ஸில் நாங்களே போனோம். சமாதி முன்னால் அம்மா ரொம்ப நேரம் நின்று, "உங்க குகையப் பாத்துட்டு வந்தோம் சாமி" என்று சொல்லிவிட்டு வந்தார்.