யாருடைய படம், யாருடைய கட்டுரை

வயதானவர்களின் வாசிப்பைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி முடித்துவிட்டு, அதன் தலைப்பில் வைக்க இரண்டு படங்களை எடுத்து வைத்திருந்தேன். ஒன்று இலவசப் படக் கிடங்கில் கிடைத்தது. நரைத்த தலையோடு ஒரு தம்பதி, சோபாவில் சாய்ந்து, ஒரே புத்தகத்தை ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்தபடி சிரிக்கிறார்கள். மற்றது நானே கைபேசியில் எடுத்தது. ஒரு பக்கக் கம்பி முறிந்து நூல் சுற்றிக் கட்டிய அப்பாவின் மூக்குக்கண்ணாடி, திறந்த புத்தகத்தின் மேல் கிடக்கிறது. படம் கொஞ்சம் மங்கல்.

எழுதத் தொடங்கிய புதிது, தம்பதியைத்தான் தேர்ந்தெடுத்தேன். இரண்டு வாரத்துக்குள் அதே இருவரை ஒரு காப்பீட்டு விளம்பரத்தில் பார்த்தேன். அடுத்து, மறதி நோயைப் பற்றிய ஒரு குறிப்பில். அங்கேயும் அதே சிரிப்பு. நான் பக்கத்தில் இருந்து பார்த்து எழுதிய முதுமைக்கும் அந்தச் சிரிப்புக்கும் ஒரு தொடர்பும் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. படத்தை எடுத்துவிட்டுக் கண்ணாடியை வைத்தேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு கட்டுரைக்கும் படம் தேடும்போது இரண்டு கேள்விகள் கேட்டுக்கொள்கிறேன். இதை எடுத்தவருக்கும் இதில் இருப்பவருக்கும் நான் நியாயமாக நடந்துகொள்கிறேனா? நான் சொல்லும் விஷயத்தைத்தான் இந்தப் படமும் சொல்கிறதா? இரண்டுக்கும் தொடர்பில்லை என்றே முதலில் நினைத்தேன். வழிகளை ஒவ்வொன்றாக ஒப்பிட ஒப்பிட, ஒரு கேள்வியில் தோற்கும் வழி பெரும்பாலும் மற்றதிலும் தோற்பதைக் கண்டேன். எங்கிருந்து வந்தது என்று தெரியாத படம், எந்தக் கட்டுரைக்கும் பொருந்திவிடும் படமாகவும் இருக்கிறது.

தேடுபொறியில் கிடைத்ததை எடுப்பது

இதை ஒரு வழியாகக் கணக்கில் சேர்க்கவே எனக்கு மனமில்லை. ஆனாலும் மிக அதிகமாக நடப்பது இதுதான். படத்தின் கீழே 'நன்றி: கூகுள்' என்றோ 'படம்: இணையம்' என்றோ எழுதிவிட்டால் கடமை முடிந்தது என்று பலர் உண்மையாகவே நம்புகிறார்கள். கூகுள் அந்தப் படத்தை எடுக்கவில்லை. எங்கே இருக்கிறது என்று காட்டியது, அவ்வளவுதான். 1886-ல் உருவாகி, பின்னர் திருத்தப்பட்டு, இன்று உலகின் பெரும்பாலான நாடுகள் ஏற்றிருக்கும் பெர்ன் உடன்படிக்கையின்படி, பதிப்புரிமைக்குப் பதிவு செய்யவோ, படத்தின் மூலையில் முத்திரை குத்தவோ தேவையில்லை. படம் பிறந்த கணத்திலேயே உரிமையும் பிறந்துவிடுகிறது. பெயர் இல்லாமல் கிடக்கும் படம் உரிமையாளர் இல்லாத படம் அல்ல. அதன் உரிமையாளரை நாம் இன்னும் தேடவில்லை. டின்ஐ போன்ற தலைகீழ்ப் படத்தேடல் கருவிகள் அந்தத் தேடலுக்காகவே இருக்கின்றன. பல சமயம் ஐந்து நிமிடத்தில் எடுத்தவரின் பெயர் கிடைத்துவிடும்.

பெயர் கிடைத்தால் அவருக்கு ஒரு கடிதம் எழுதலாம். நான் இதுவரை நான்கு பேருக்கு எழுதினேன். மூவர் மகிழ்ச்சியோடு அனுமதி கொடுத்தார்கள், ஒருவர் பதில் அனுப்பவில்லை. பதில் வராததை அனுமதி என்று எடுத்துக்கொள்ள முடியாது என்பதால் அந்தப் படத்தை விட்டுவிட்டேன்.

இலவசக் கிடங்கா, கிரியேட்டிவ் காமன்ஸா

உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும் இடையில்தான். இரண்டிலும் காசு இல்லை, இரண்டிலும் படங்கள் குவிந்து கிடக்கின்றன. அதனால் புதிதாக வருபவர்கள் இரண்டையும் ஒன்றாகவே நினைத்துவிடுகிறார்கள்.

அன்ஸ்ப்ளாஷ், பெக்செல்ஸ், பிக்சாபே போன்றவை கிடங்குகள். எடுத்தவரின் பெயரைப் போடும்படி கேட்டுக்கொள்வார்கள், கட்டாயப்படுத்த மாட்டார்கள். வேகத்தில் இவற்றை எதுவும் மிஞ்சாது. ஆனால் 'இலவசம்' என்ற சொல்லுக்குப் பின்னால் இருக்கும் உரிமம் அந்தந்த நிறுவனம் எழுதியது, அந்த நிறுவனமே மாற்றக்கூடியது. 2013-ல் பத்துப் படங்களோடு தொடங்கிய அன்ஸ்ப்ளாஷ், எல்லா உரிமைகளையும் விட்டுக்கொடுக்கும் சிசி ஜீரோ முறையில்தான் முதலில் படங்களைத் தந்தது. 2017-ல் தனக்கென ஓர் உரிமம் எழுதிக்கொண்டது. பிக்சாபேயும் 2019-ல் அதே பாதையில் போனது. ஆகவே, படத்தை எடுத்த நாளையும் அன்றிருந்த உரிமத்தையும் குறித்துவைப்பது நல்லது.

எனக்கு அதைவிடப் பெரிய உறுத்தல் வேறு. அந்த உரிமம் படம் எடுத்தவரின் உரிமையைப் பற்றியது. படத்தில் இருப்பவரின் சம்மதத்தைப் பற்றி அது எந்த உறுதியும் தருவதில்லை. தெருவில் நடந்துபோன ஒரு பெண்ணின் முகம் கிடங்குக்கு வந்துவிடுகிறது. மன அழுத்தம், போதைப் பழக்கம், கைவிடப்பட்ட வாழ்க்கை என்று ஒவ்வொருவரும் தங்கள் தலைப்பை அந்த முகத்தின் மேல் ஒட்டுகிறார்கள். அவருக்கு அது தெரியவே தெரியாது. நோயையோ குற்றத்தையோ வறுமையையோ பற்றி எழுதும்போது, கிடங்கில் எடுத்த அந்நியர் முகத்தை வைப்பதில்லை என்று முடிவுசெய்துவிட்டேன். சட்டம் அனுமதித்தாலும் வைப்பதில்லை.

கிரியேட்டிவ் காமன்ஸ் ஒரு கிடங்கு அல்ல, உரிமங்களின் தொகுதி. முதல் உரிமங்கள் 2002-ல் வந்தன. இன்று ஆறு வகை இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் அடிப்படை, எடுத்தவரின் பெயரைச் சொல்ல வேண்டும் என்பது. அதன் மேல் மூன்று நிபந்தனைகள் வெவ்வேறு விதமாகச் சேரும்: வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது, மாற்றக் கூடாது, மாற்றினால் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும். இவற்றில் நான் மிகவும் கவனமாக இருப்பது முதலாவதில். எழுத்துக்குப் பக்கத்தில் விளம்பரம் ஓடினால் அது வணிகமா இல்லையா என்பதில் எளிதில் வாதம் கிளம்பும். அதனால் அந்த நிபந்தனை உள்ள படங்களைத் தொடுவதே இல்லை.

பெயர் போடுவதென்றால் படத்தின் தலைப்பு, எடுத்தவர், எங்கிருந்து எடுத்தோம், எந்த உரிமம் ஆகிய நான்கையும் சுட்டிகளோடு தர வேண்டும். பலர் பெயரை மட்டும் போட்டுவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். பழைய பதிப்பு உரிமங்களில் இந்தச் சிறு தவறே உரிமத்தை ரத்தாக்கிவிடும். அதைப் பயன்படுத்திப் பணம் கேட்டு மிரட்டுவதையே தொழிலாகக் கொண்டவர்களும் உண்டு. 2013-ல் வந்த நான்காம் பதிப்பில், தவறு தெரியவந்த 30 நாட்களுக்குள் திருத்திவிட்டால் உரிமம் தானாகவே உயிர்பெறும். பதிப்பு எண்ணைப் பார்த்து எடுப்பது அந்த அளவுக்கு முக்கியம்.

இத்தனை வேலை இருந்தும் எனக்குக் காமன்ஸ் பக்கம்தான் மனம் சாய்கிறது. கலங்கரை விளக்கம் என்று கிடங்கில் தேடினால் அந்திவானத்தின் முன்னால் அழகான ஒரு கலங்கரை விளக்கம் வரும். எந்தக் கரை, யார் கட்டியது, இன்னும் எரிகிறதா, ஒன்றும் தெரியாது. இத்தகைய திறந்த உரிமப் படங்கள் சேரும் தளமான விக்கிமீடியா காமன்ஸில் அதே சொல்லைத் தேடினால் பெயரும் ஊரும் எடுத்த தேதியும் உள்ள ஒரு குறிப்பிட்ட கலங்கரை விளக்கம் வரும். வெளிச்சம் சுமாராக இருக்கும், ஓரத்தில் ஒரு மின்கம்பம் நிற்கும். ஆனால் அந்த விவரங்களைப் படித்தபின் என் கட்டுரையில் ஒரு பத்தி மாறும். ஒருமுறை முழுக் கட்டுரையே மாறியது. பெயரைத் தேடி எழுதும் அந்தச் சில நிமிடங்கள் எடுத்தவருக்கு நான் செலுத்தும் கடன் என்றுதான் தொடங்கினேன். எனக்கும் அதில் பங்கு கிடைக்கிறது.

அருங்காட்சியகப் படங்கள்

நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017-ல் 3,75,000 படங்களுக்கு மேல் எந்த நிபந்தனையும் இல்லாமல் திறந்துவிட்டது. அமெரிக்காவின் அருங்காட்சியகக் குழுமமான ஸ்மித்சோனியன் 2020-ல் 28 லட்சம் படங்களோடு அதே வழியில் வந்தது. பழைய தாவர ஓவியங்கள், வரைபட ஏடுகள், மரச்செதுக்கு அச்சுகள் ஆகியவற்றைப் பார்த்தால் பொழுது போவதே தெரியாது. தனித்தன்மை வேண்டும், காசு இல்லை என்பவர்களுக்கு இதைவிட நல்ல இடம் இல்லை. ஒவ்வொரு படத்தின் பக்கத்திலும் உரிமக் குறிப்பைப் பார்க்க வேண்டும். அருங்காட்சியகத்தில் இருப்பதெல்லாம் திறந்தவை அல்ல.

ஆனால் உரிமை இல்லை என்பதாலேயே பொறுப்பும் இல்லை என்று ஆகிவிடாது. 1936-ல் கலிஃபோர்னியாவில் பட்டாணி பறிக்கும் தொழிலாளர் முகாமில் டோரதியா லாங்கே எடுத்த தாயின் படத்தைப் பார்க்காதவர் குறைவு. கன்னத்தில் கைவைத்து எங்கோ வெறிக்கும் பெண், இருபுறமும் முகம் திருப்பிய குழந்தைகள். அமெரிக்க அரசுக்காக எடுத்த படம் என்பதால் யாரும் பயன்படுத்தலாம். அந்தப் பெண்ணின் பெயரை அன்று யாரும் குறித்துக்கொள்ளவில்லை. புளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்று உலகம் அறிந்தது 1978-ல். அந்தப் படத்தால் தமக்கு எதுவும் கிடைக்கவில்லை என்று வருந்தியவர் அவர். அந்தப் படத்தை நான் வைப்பதானால் அவர் பெயரோடுதான் வைப்பேன். வறுமைக்கு ஒரு பொதுச் சின்னமாக அவரை வைக்க மாட்டேன்.

செயற்கை நுண்ணறிவுப் படங்கள்

இதை ஆதரிப்பவர்கள் சொல்வதில் ஒரு நியாயம் உண்டு: எந்த அந்நியரின் முகமும் இதில் அம்பலமாவதில்லை. ஆனால் அந்தப் படம் எதிலிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். 2022-ல் வெளிவந்த, சொல்லைக் கொடுத்தால் படம் உருவாக்கும் ஸ்டேபிள் டிஃப்யூஷன் மென்பொருளுக்குப் பயிற்சி தந்த படங்கள், 585 கோடி படக் குறிப்புகள் கொண்ட லேயான் தொகுப்பிலிருந்து எடுத்தவை. அவற்றின் உரிமையாளர்களிடம் யாரும் கேட்கவில்லை. அந்த மென்பொருள் உருவாக்கிய சில படங்களில் தன் நீர்க்குறி சிதைந்த வடிவில் தெரிந்ததையும் காட்டி, படங்களை விற்கும் நிறுவனமான கெட்டி இமேஜஸ் 2023-ல் அதை வெளியிட்ட ஸ்டெபிலிட்டி ஏஐ நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தது. இன்னொரு பக்கம், அதே ஆண்டில் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் ஒரு படக்கதை நூலின் எழுத்துக்கும் அமைப்புக்கும் உரிமை தந்து, இயந்திரம் உருவாக்கிய படங்களுக்குத் தர மறுத்தது. என்னுடையது என்று சொல்லிக்கொள்ளவும் முடியாத படம் அது.

தனித்தன்மையிலும் இது தோற்கிறது என்றே நினைக்கிறேன். 'தனிமையில் வாசிக்கும் முதியவர்' என்று கேட்டால், கோடிக்கணக்கான படங்களில் அதிகம் திரும்ப வந்ததுதான் வரும். நூல் சுற்றிய கண்ணாடி வராது. அதைக் கேட்டு வாங்க வேண்டுமென்றால் முதலில் நான் அதைப் பார்த்திருக்க வேண்டும். பார்த்திருந்தால் படமே எடுத்திருக்கலாமே. நடந்ததைச் சொல்லும் கட்டுரையில் நடக்காத ஒன்றின் படத்தை வைப்பது வாசகரை ஏமாற்றுவதும் ஆகும்.

நாமே எடுப்பது

பணம் கொடுத்து வாங்கும் படங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: படத்தில் இருப்பவரின் சம்மதப் பத்திரம் பெரும்பாலும் இருக்கும், மனம் நிம்மதியாக இருக்கும், ஆனால் அதே சிரிப்பு. படமே இல்லாமல் விடுவதும் மரியாதையான ஒரு தேர்வு. என் கட்டுரைகளில் மூன்றில் ஒன்றை இப்போது அப்படித்தான் விடுகிறேன்.

மங்கலாக இருந்தாலும் சொந்தப் படத்தையே முதலில் வைக்கிறேன். அதிலும் கவனம் வேண்டும். கைபேசிப் படத்துக்குள் எடுத்த இடத்தின் ஆயத்தொலைவு பதிந்திருக்கலாம். வெளியிடும் முன் நீக்கிவிட வேண்டும். பின்னணியில் யாருடைய முகமோ, வீட்டு எண்ணோ, கடிதமோ தெரிகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

கண்ணாடிப் படத்தை வெளியிட்ட பிறகுதான் அப்பாவிடம் காட்டினேன். முன்பே கேட்டிருக்க வேண்டும். வெகுநேரம் பார்த்தார். நூலைப் பற்றியோ மங்கலைப் பற்றியோ ஒன்றும் சொல்லவில்லை. புத்தகத்துக்குப் பின்னால், ஓரத்தில், அவருடைய மாத்திரை அட்டை பாதி தெரிந்தது. "இது மட்டும் வேண்டாம், வெட்டிவிடு" என்றார். அன்றே வெட்டிவிட்டேன்.