கேரவனுக்கு ஏற்ற வண்டி எது? மூன்றில் மாட்டி ஓட்டிய அனுபவம்

"எத்தனை குதிரைசக்திங்க?" கேரவனை, அதாவது காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகும் சக்கர வீட்டை, பார்க்கிற யாரும் இழுக்கிற வண்டியைப் பற்றி முதலில் கேட்பது இதைத்தான். பின் அச்சு எவ்வளவு தாங்கும் என்று நான் ஆரம்பித்தால் பேச்சு மழை பக்கம் திரும்பிவிடும். சில வருசமாக ஒரே கேரவனை மூன்று வண்டிகளில் மாட்டி ஓட்டியாகிவிட்டது. இழுக்க முடியாமல் எந்த வண்டியும் நின்றதில்லை. இன்றைக்கு வரும் டீசல் என்ஜின்களுக்கு ஒரு டன்னை இழுப்பது பெரிய காரியமே இல்லை. நிறுத்துவதும், நேராக வைத்துக்கொள்வதும், பின்பக்கம் உட்காரும் பாரத்தைச் சுமப்பதும்தான் வேலை.

எங்களுடையது கோவைப் பக்கம் ஒரு பட்டறையில் சொல்லிச் செய்த ஒற்றை அச்சு கேரவன். நாலு பேர் படுக்கலாம், சின்ன அடுப்படி, ஒரு கழிப்பறை. அந்தக் கழிப்பறைக்காகத்தான் வாங்கியதே. குலதெய்வம் கோயில் பொங்கல், தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கும் கூட்டத்துக்குத் துணை, ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தை என்று எதையும் விடமாட்டார் எங்கள் அம்மிச்சி, அம்மாவின் அம்மா. மூட்டுவலியோடு அவரைக் கூட்டிப் போக வேறு வழி தெரியவில்லை.

பட்டறையில் சொன்ன எடை 860 கிலோ. அது வெறும் கூடு. சாமான் ஏற்றி எடைமேடையில் நிறுத்தினால் 1,120 காட்டியது. இடையில் வந்த 260 கிலோவில் தண்ணீர் மட்டும் 80. ஒரு லிட்டர் ஒரு கிலோ என்பதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. மீதி பேட்டரி, சிலிண்டர், மெத்தை, பாத்திரம், பந்தல் துணி, கடைசி நேரத்தில் அம்மிச்சி ஏற்றச் சொல்லும் இளநீர்க் குலை. வண்டி தேடும்போது இந்த 1,120-ஐத்தான் கையில் வைத்துக்கொள்ள வேண்டும், 860-ஐ அல்ல.

சங்ககிரி லாரி, திருச்செங்கோட்டு போர்வெல் ரிக், நாமக்கல் பாடி பட்டறை என்று இருக்கும் ஊரில் எடைமேடைக்குப் பஞ்சமில்லை. வீட்டு ஆட்கள் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போய், இழுக்கும் வண்டியின் முன் அச்சையும் பின் அச்சையும் தனித்தனியாக எடை போடுங்கள். கேரவனை மாட்டியபின் அதையே இன்னொரு தடவை செய்யுங்கள். எங்கள் இன்னோவா கிரிஸ்டாவில், கேரவனை மாட்டும் கொக்கி மேல் 85 கிலோ உட்கார்ந்தது. பின் அச்சில் 85 கூடும் என்று நினைப்போம். கூடியது சுமார் 120. முன் அச்சில் 35 குறைந்தது. கொக்கி பின் அச்சுக்கு ஒரு மீட்டருக்கு மேல் பின்னால் தள்ளி இருக்கிறது, அதனால் நெம்புகோல் மாதிரி முன்பக்கத்தைத் தூக்குகிறது. முன் சக்கரம் லேசானால் ஸ்டீயரிங் பிடிமானம் குறையும், ஹெட்லைட் எதிரில் வருகிறவர் கண்ணில் அடிக்கும். மூன்றாம் வரிசையிலும் ஆள் உட்கார்ந்து, டிக்கியிலும் சாமான் ஏற்றினால் பின் அச்சு கையேட்டில் உள்ள வரம்பைத் தொட்டு நிற்கிறது. என்ஜின் திணறுவதற்கு வெகு முன்பே சுமக்கும் திறன் தீர்ந்துவிடும். இப்போது டிக்கியைக் காலியாக விட்டு, கனமான சாமானைக் கேரவன் அச்சுக்கு நேர் மேலே தரையில் வைக்கிறோம். ஆட்களை மட்டும் அப்படி மாற்ற முடியாது. ஓடும்போது கேரவனுக்குள் யாரும் உட்காரக் கூடாது.

கொக்கி மேல் எவ்வளவு பாரம் வேண்டும் என்பதில் இரண்டு கணக்கு உண்டு. அமெரிக்காவில் கேரவன் எடையில் 10 முதல் 15 சதவீதம் என்பார்கள், ஐரோப்பாவில் 5 முதல் 7. அங்கே கார்களும் கொக்கிகளும் அதற்குமேல் தாங்கும்படி செய்யப்படுவதில்லை, வேகமும் கட்டுக்குள் இருக்கும். எங்கள் கொக்கியின் தகட்டில் 100 கிலோ என்று இருப்பதால் 85-இல் நிறுத்தியிருக்கிறோம். மாட்டு வண்டி ஓட்டியவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. முன்பாரம் கூடினால் மாட்டின் கழுத்து நோகும், பின்பாரமானால் நுகம் மேலே தூக்கும். கேரவனில் பின்பாரம் வந்தால் வால் ஆட ஆரம்பிக்கும், அது இன்னும் ஆபத்து. எங்களுக்குத் தண்ணீர்த் தொட்டியைப் பின்னால் வைத்துக் கொடுத்திருந்தார்கள். தொட்டியை நிரப்பினால் கொக்கிப் பாரம் 40 கிலோவாக இறங்கிவிடும். பேட்டரியையும் ஸ்டெப்னியையும் முன்னால் கொண்டு வந்தபிறகுதான் 85 வந்தது. இதை எடைமேடையில் பார்க்க முடியாது, அது பத்துப் பத்தாகத்தான் காட்டும். ஈரோட்டில் மஞ்சள் மண்டி வைத்திருக்கும் மாமாவிடம் போய், மூட்டை போடும் தராசில் கொக்கி உயரத்துக்கு ஒரு கட்டையை நிறுத்தி அதன்மேல் இறக்கிப் பார்த்தோம். "ஏனுங் மாப்ள, இதுக்கும் கமிஷன் போட்டுறலாமுங்களா?" என்றார்.

இனி மூன்று வண்டிகள். மச்சானிடம் இருக்கும் குட்டை ஜீப்புக்கு வீல்பேஸ், அதாவது முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே உள்ள தூரம், இரண்டரை மீட்டருக்கும் குறைவு. கிரிஸ்டாவுக்கு 2,750 மில்லிமீட்டர். சகலையின் இசுஸு வி-கிராஸுக்கு 3,095. காகிதத்தில் மூன்றுமே தேறும். கேரவனின் நிறை எடை, இழுக்கும் வண்டியின் வெற்று எடையில் 85 சதவீதத்தைத் தாண்டாமல் இருந்தால் புதிதாக ஓட்டுகிறவர்களுக்கு நல்லது என்று பிரிட்டனில் சொல்வார்கள். அந்தக் கணக்கிலும் தேறும். வித்தியாசம் தெரிவது பல்லடம் தாண்டி உடுமலை ரோட்டில், ஆடிக் காற்றில்.

பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று அங்கே ரோட்டுக்குக் குறுக்கே அடிக்கும். சும்மாவா அவ்வளவு காற்றாலை வைத்திருக்கிறார்கள்? ஆளுயரத்துக்கு மேல் நிற்கும் கேரவனின் பக்கச் சுவர் பாய்மரம்தான். ஜீப்பில் கேரவன் இழுக்கிற பக்கமெல்லாம் வண்டியின் பின்புறமும் போகிறது. 60-க்கு மேல் போனால் ஸ்டீயரிங்கை விடாமல் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். கிரிஸ்டாவில் 70 வரை நிம்மதி. லாரி ஒன்று முந்திப் போகும்போது முதலில் வெளியே தள்ளி அப்புறம் உள்ளே உறிஞ்சும், அவ்வளவுதான். வி-கிராஸில் அதுவும் பாதியாகிவிடுகிறது. ஆட ஆரம்பித்தால் என்ன செய்வது என்று கேட்பார்கள். ஆக்சிலேட்டரை விட்டு, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்திருங்கள். எதிர்ப்பக்கம் வெட்டி வெட்டித் திருப்பினால் ஆட்டம் கூடத்தான் செய்யும். வேகத்தைக் கூட்டினால் நேராகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அப்படியானால் வி-கிராஸ்தானே சிறந்தது? ஓட்டுவதற்கு, ஆமாம். ஆனால் அதில் ஐந்து சீட், நாங்கள் ஆறு பேர். ஆறாவது ஆளுக்காகப் பின்னால் இன்னொரு கார் வருவதாக இருந்தால் கேரவன் எதற்கு? அதனால் வீட்டுக்கு கிரிஸ்டா, காற்றுக் காலத்துக்கும் மலைக்கும் சகலையிடம் கடன் என்று ஓடுகிறது.

மலையில் ஏறுவதைவிட இறங்குவதில்தான் கவனம். ஐரோப்பாவில் 750 கிலோவைத் தாண்டிய டிரெய்லருக்கு பிரேக் கட்டாயம். எங்களுடையதில் ஓவர்ரன் பிரேக்: முன்வண்டி வேகம் குறைந்தால் கேரவன் கொக்கியைத் தள்ளும், அந்தத் தள்ளலிலேயே அதன் பிரேக் பிடிக்கும். சமவெளியில் அருமை. ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கும்போது 20 கொண்டை ஊசியிலும் கேரவன் தள்ளிக்கொண்டே வருவதால் பிரேக் விடாமல் உரசுகிறது. நடுவழியில் நிறுத்தி பிரேக் டிரம் பக்கம் கையை நீட்டினால் அனல் அடிக்கும், தொட்டுப் பார்க்காதீர்கள். இரண்டாவது கியரில் இறங்கி, இடம் கிடைத்த இடத்தில் நிறுத்தி ஆறவிட வேண்டும். திம்பத்தின் 27 வளைவையும் கொல்லிமலையின் 70 வளைவையும் நான் கேரவனோடு தொடப்போவதில்லை.

ஓவர்ரன் பிரேக்குக்கு இன்னொரு குணம் உண்டு. ரிவர்ஸ் எடுத்தாலும் கொக்கி அழுந்துமே, அப்போதும் பிரேக் பிடித்துக்கொள்ளும். இறங்கிப்போய் ஒரு லீவரைத் தள்ளிவிட்டு வர வேண்டும், இல்லையென்றால் ரிவர்ஸில் பிரேக் தானே விடுபடும் சக்கர ஹப் கேட்டு வாங்க வேண்டும். இருபக்கமும் வேலி உள்ள குறுகிய இட்டேரிக்குள் போய் எதிரில் டிராக்டர் வந்தால் இதன் அருமை தெரியும். அந்த இடத்தில் ஜீப்தான் ராஜா. மற்ற இரண்டும் வேலியைத் தேய்க்கும்.

மைலேஜ்: தனியாக 13 கொடுக்கும் கிரிஸ்டா, கேரவனோடு 8 முதல் 9. எடையைவிடக் காற்றுதான் தின்கிறது. 80-இல் போன நாட்களில் 8-க்கும் கீழே போனது.

டிரெய்லருக்குத் தனிப் பதிவு வேண்டும். 750 கிலோ வரை டி1, அதற்குமேல் 3.5 டன் வரை டி2 வகை. இழுக்கும் வண்டியின் இன்சூரன்ஸில் டிரெய்லர் உண்டா என்பதை எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். காரின் விளம்பரத் தாளில் இழுவை எடை தேடிப் பயனில்லை, கையேட்டைப் புரட்டுங்கள். டிரெய்லர் இழுக்கக் கூடாது என்று அதில் எழுதியிருந்தால் கேரவன் பட்டறைக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். கொக்கி மாட்டித் தருகிறேன் என்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.