குழந்தைகளோடு போக ஹாங்காங் டிஸ்னிலேண்டா, சிங்கப்பூர் யுனிவர்சலா?

பத்து வயதுப் பையன், ஐந்து வயதுப் பெண், எழுபதை நெருங்கும் அம்மா, நாங்கள் இரண்டு பேர். இந்தக் கூட்டத்தை வைத்துக்கொண்டு சிங்கப்பூரா ஹாங்காங்கா என்று வீட்டில் ரொம்ப நாள் பேச்சு ஓடியது. கடைசியில் 2024 டிசம்பரில் ஹாங்காங் டிஸ்னிலேண்ட் போனோம். சிங்கப்பூர் யுனிவர்சல் ஸ்டுடியோஸை அதற்கு முந்தைய வருடமே அக்கா குடும்பத்தோடு பார்த்திருந்தேன். இரண்டையும் பார்த்தவன் என்பதால் நண்பர்கள் இப்போது என்னிடம் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

என் சாய்வை மறைக்கப் போவதில்லை. வீட்டில் ஆறு ஏழு வயதுக்குக் கீழே ஒரு குழந்தையோ, கூட வரும் பெரியவர்களோ இருந்தால் ஹாங்காங்தான். பிள்ளைகள் எல்லாரும் பன்னிரண்டைத் தாண்டியவர்கள் என்றால் யோசிக்காமல் சிங்கப்பூர் போகலாம்.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துக்கொள்வோம். பயணம் சிங்கப்பூருக்குத்தான் சுலபம். சென்னை மட்டுமில்லை, திருச்சி, மதுரை, கோவையிலிருந்தும் நேரடி விமானம் இருக்கிறது. விசா வாங்க வேண்டும், அதை ஏஜென்ட் பார்த்துக்கொள்வார். ஹாங்காங்குக்கு இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் ஆன்லைனில் முன்பதிவு செய்து ஒரு தாளை அச்செடுத்துக்கொண்டால் போதும், அதற்குக் கட்டணம் இல்லை. சாப்பாட்டுக்கு சிங்கப்பூரை மிஞ்ச முடியாது. பூங்காவை விட்டு வெளியே வந்தால் லிட்டில் இந்தியாவில் இட்லி, சாம்பார், வாழை இலைச் சாப்பாடு எல்லாம் கிடைக்கும். ஹாங்காங் பூங்காவுக்குள்ளும் பட்டினி கிடக்க வேண்டியதில்லை, ஆனால் சைவக்காரர்கள் ஒவ்வொரு கடையிலும் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கும். டிக்கெட் விலை இரண்டிலும் நாளைப் பொறுத்து மாறுவதால் இங்கே எழுதிப் பயனில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

டிஸ்னியோ யுனிவர்சலோ அமெரிக்காவுக்கு வெளியே போகும்போது, ஃப்ளோரிடாவில் இருப்பதை அப்படியே தூக்கிக்கொண்டு போவதில்லை. பல இடங்களில் சின்னதாகத்தான் ஆரம்பிக்கிறார்கள். ஹாங்காங் டிஸ்னிலேண்ட் 2005 செப்டம்பரில் திறந்தபோது அதில் நான்கே நான்கு பகுதிகள். 'இவ்வளவுதானா?' என்று ஊரே கேட்டது. அடுத்த ஆண்டு சீனப் புத்தாண்டு விடுமுறையில் கூட்டம் தாங்காமல், டிக்கெட் வைத்திருந்தவர்களையே வாசலில் நிறுத்த வேண்டிவந்தது. சிங்கப்பூர் யுனிவர்சல் 2010இல் செந்தோசா தீவில் திறந்தது. நடுவில் ஒரு ஏரி, சுற்றிலும் ஏழு பகுதிகள், எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 20 ஹெக்டேர்தான். நிதானமாக நடந்தாலே அரை மணி நேரத்துக்குள் ஏரியை ஒரு சுற்று வந்துவிடலாம்.

சின்னப் பூங்கா என்பதில் எனக்குக் குறை இல்லை. பெரியவர்களோடு போகும்போது அது நல்லதும்கூட. ஆனால் ரைடுகள் குறைவாக இருக்கும் இடத்தில், உங்கள் வீட்டுக் குழந்தை ஏற முடியாத ஒவ்வொரு ரைடும் அந்த நாளில் ஒரு பெரிய துண்டை வெட்டி எடுத்துவிடுகிறது. ஆகவே நான் பார்க்கச் சொல்வது ஒரே ஒரு விஷயம்: உயரக் கட்டுப்பாடு.

சிங்கப்பூரில் பேர் வாங்கிய ரைடுகளை வரிசையாகப் பாருங்கள். பேட்டில்ஸ்டார் கலாக்டிகா ரோலர் கோஸ்டருக்கு 125 சென்டிமீட்டர் உயரம் வேண்டும். இருட்டுக்குள் ஓடும் மம்மி கோஸ்டருக்கு 122. ஜுராசிக் பார்க் தண்ணீர் சவாரிக்கு 107. டிரான்ஸ்ஃபார்மர்ஸுக்கு 102. மரங்களுக்கு மேலே தொங்கிக்கொண்டு போகும் கேனப்பி ஃப்ளையருக்குக்கூட 92 வேண்டும். நம் ஊர்ப் பிள்ளைகள் பொதுவாக 122 சென்டிமீட்டரைத் தொட ஏழெட்டு வயது ஆகிவிடும். அதாவது யூகேஜி, ஒன்றாம் வகுப்புப் படிக்கும் குழந்தைக்கு இந்தப் பூங்காவின் பெரிய கோஸ்டர்கள் வெளியே நின்று பார்க்கத்தான்.

அக்காவின் சின்ன மகளுக்கு அதுதான் நடந்தது. தண்ணீர் சவாரிக்கு முக்கால் மணி நேரம் வரிசையில் நின்றோம். உள்ளே போகும் இடத்தில் ஊழியர் அளவுகோல் பக்கத்தில் அவளை நிறுத்தி, தலைப்பட்டையைக் கழற்றச் சொல்லி, உள்ளங்கையைத் தலைமேல் தட்டையாக வைத்துப் பார்த்தார். இரண்டு விரற்கடை குறைந்தது. அந்த ஊழியர் நல்ல மாதிரியாகத்தான் சொன்னார், விதியும் குழந்தையின் பாதுகாப்புக்கானதுதான், அதில் வாதாட ஒன்றும் இல்லை. ஆனால் குழந்தைக்கு அது எப்படிப் புரியும்? அண்ணன் உள்ளே போகிறான், நான் ஏன் போகக்கூடாது என்ற கேள்விக்கு அன்று முழுக்க அக்காவால் பதில் சொல்ல முடியவில்லை. பெற்றோர் மாறி மாறி ஏற இரண்டு பூங்காவிலும் வசதி இருக்கிறது. ஒருவர் ஏறிவிட்டு வந்து குழந்தையைப் பார்த்துக்கொள்ள, மற்றவர் திரும்பவும் வரிசையில் நிற்காமல் ஏறலாம். அது பெற்றோருக்கான ஏற்பாடு. வெளியே உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கும் பாட்டிக்கும் அதனால் எதுவும் மாறுவதில்லை.

ஹாங்காங்கிலும் அளவுகோல் உண்டு. பிக் கிரிஸ்லி மலை ரயிலுக்கு 112, ஆர்சி ரேசருக்கு 120, அயர்ன் மேனுக்கு 102. எங்கள் பெண்ணால் கிரிஸ்லியில் ஏற முடியவில்லை, பையனும் நானும் மட்டும் போனோம். வேறுபாடு எங்கே என்றால், அந்தப் பூங்காவில் மிகச் சிறந்தது என்று நான் நினைக்கும் இரண்டு ரைடுகளுக்கு உயரக் கட்டுப்பாடே கிடையாது. ஒன்று மிஸ்டிக் மேனர், இன்னொன்று ஃப்ரோசன் படத்தை வைத்துச் செய்த படகு சவாரி.

மிஸ்டிக் மேனரைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். அமெரிக்க டிஸ்னிகளில் பேய் மாளிகை ஒன்று இருக்கும். இறந்தவர்களை வைத்து வேடிக்கை காட்டுவதைச் சீனப் பண்பாட்டில் ரசிக்க மாட்டார்கள் என்பதால், 2013இல் ஹாங்காங்குக்கென்று வேறு கதையாகவே செய்தார்கள் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. உலகம் சுற்றிய ஒரு பிரபு, அவர் சேர்த்துவைத்த கலைப்பொருட்கள், கூடவே ஆல்பர்ட் என்ற சேட்டைக்காரக் குரங்கு. குரங்கு ஓர் இசைப்பெட்டியைத் திறந்துவிட, அதிலிருந்து பொன்துகள் மாதிரி ஒளி பறந்து போய் ஒவ்வொரு அறையிலும் பொருட்களுக்கு உயிர் கொடுக்கிறது. நாம் உட்காரும் வண்டிக்குத் தண்டவாளம் இல்லை. தரையில் வழுக்கிக்கொண்டு போய் ஒவ்வொரு வண்டியும் வேறு வேறு பக்கம் திரும்பி நிற்கும். குலுக்கலும் இல்லை, சடாரென்ற இறக்கமும் இல்லை. அம்மா ஒரு பக்கம் பேத்தியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், இறங்கியதும் இன்னொரு தரம் போகலாமா என்று முதலில் கேட்டது அவர்தான். பத்து வயதுப் பையனுக்கும் அது குழந்தை விளையாட்டாகத் தெரியவில்லை. மூன்று தலைமுறையும் ஒரே வண்டியில் உட்கார்ந்து ஒரே விஷயத்தை ரசித்தது அங்கேதான்.

ஃப்ரோசன் பகுதி 2023 நவம்பரில் திறந்தது. அந்தப் படத்துக்கென்றே தனிப் பகுதி உலகத்தில் முதலில் வந்தது இங்கேதான். படகில் போய் வருவது எல்லோருக்கும் பொது. பக்கத்திலேயே ஓகனின் பனிச்சறுக்கு வண்டி என்று ஒரு சின்ன ரோலர் கோஸ்டர் இருக்கிறது, அதற்கு 95 சென்டிமீட்டர் போதும். எங்கள் பெண்ணின் வாழ்க்கையில் முதல் ரோலர் கோஸ்டர் அதுதான். அண்ணனோடு சமமாக ஏறி இறங்கினாள் என்பதே அவளுக்கு அன்றைய பெரிய செய்தி.

இந்த வேறுபாடு ஏன் வந்தது என்று யோசித்தால், திறந்த பிறகு யார் எதற்குச் செலவு செய்தார்கள் என்பதில் போய் நிற்கிறது. ஹாங்காங் பூங்காவில் பெரும்பங்கு ஹாங்காங் அரசுக்குத்தான், மீதிதான் டிஸ்னிக்கு. மக்கள் பணம் என்பதால் ஆரம்பத்தில் சட்டமன்றத்திலேயே கேள்விமேல் கேள்வி. பூங்கா முதல் லாபம் கண்டது 2012இல்தான். அப்படியும் டாய் ஸ்டோரி, கிரிஸ்லி, மிஸ்டிக் என்று 2011 முதல் 2013 வரை வருடத்துக்கு ஒரு பகுதி திறந்தார்கள். 2016இல் மறுபடியும் 1,090 கோடி ஹாங்காங் டாலருக்குத் திட்டம் அறிவித்தார்கள். பெரிதாக்கிய கோட்டையும் ஃப்ரோசனும் அதில் வந்தவைதான். சிங்கப்பூரில் யுனிவர்சல் பெயரை உரிமம் வாங்கிப் பூங்காவைக் கட்டி நடத்துவது கெந்திங் நிறுவனம். அங்கே பெரிய ரைடுகள் பெரும்பாலும் ஆரம்ப இரண்டு ஆண்டுகளிலேயே வந்துவிட்டன. அடுத்த பெரிய பகுதியான மினியன் லேண்ட் திறந்தது 2025 பிப்ரவரியில்.

உரிமம் என்றாலே தேக்கம் என்று சொல்லிவிடவும் முடியாது. டோக்கியோ டிஸ்னிலேண்டை 1983இலிருந்து சொந்தப் பணத்தில் நடத்துவது ஓரியன்டல் லேண்ட் என்ற ஜப்பானிய நிறுவனம். டிஸ்னிக்கு வருமானத்தில் உரிமத்தொகை மட்டும் போகிறது. ஆனாலும் 2024இல் அதே நிறுவனம் நடத்தும் பக்கத்துப் பூங்காவான டோக்கியோ டிஸ்னிசீயில் பல்லாயிரம் கோடி யென் கொட்டிப் புதுப் பகுதி திறந்தார்கள். நடத்துகிறவருக்கு அக்கறை இருந்தால் எந்த ஏற்பாட்டிலும் பூங்கா வளரும்.

சிங்கப்பூரின் பலத்தைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். டிரான்ஸ்ஃபார்மர்ஸ் ரைடு உலகத்திலேயே முதலில் அங்கேதான் வந்தது, இன்றும் அதன் வேகமும் திரையும் மலைக்க வைக்கின்றன. பேட்டில்ஸ்டாரில் ஒரே நேரத்தில் இரண்டு ரயில்கள் கிளம்பி, மோதுவது போல வந்து விலகும். ஒன்றில் உட்கார்ந்து போகலாம், இன்னொன்றில் கால் தொங்க, தலைகீழாகச் சுழன்று போகலாம். ஹாங்காங்கில் இதற்கு ஈடாக எதுவும் இல்லை. கல்லூரிப் பிள்ளைகள் ஹாங்காங் போனால் மதியத்துக்குள் சலித்துவிடும் என்பது என் கணிப்பு. தனியாக ஏறுபவர்களுக்கு சிங்கப்பூரில் தனி வரிசை உண்டு, இளைஞர்களுக்கு அது பெரிய லாபம்.

ஆனால் வெயிலும் மழையும் வேறு கணக்கு. சிங்கப்பூரில் வருடம் முழுக்க ஒரே புழுக்கம். மதியம் இடி இடித்தால் திறந்தவெளி ரைடுகளை நிறுத்திவிடுவார்கள். ஹாங்காங்கில் டிசம்பர், ஜனவரி நம் ஊட்டி மாதிரி, ஒரு ஸ்வெட்டர் போதும். அம்மா நாள் முழுக்க நடந்தும் சோர்ந்துபோகவில்லை, இரவு கோட்டையில் நடக்கும் ஒளி நிகழ்ச்சிவரை இருந்தார். ஜூன் முதல் செப்டம்பர் வரை அங்கே கதையே வேறு, புயல் எச்சரிக்கை வந்தால் பூங்காவையே மூடலாம். கோடை விடுமுறையில் போவதாக இருந்தால் மே முதல் வாரத்துக்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள்.

நான் உறுதியாகச் சொல்ல முடியாத இடமும் ஒன்று உண்டு. அக்கா குடும்பத்தோடு நான் போனபோது மடகாஸ்கர் பகுதியை மூடிவிட்டு மினியன் லேண்ட் வேலை நடந்துகொண்டிருந்தது. அதாவது குழந்தைகளுக்கான ஒரு பெரிய மூலையே இல்லாத காலம். மினியன் லேண்ட் திறந்த பிறகு நான் போகவில்லை. சமீபத்தில் போய் வந்த சித்தப்பா வீட்டார், சின்னவர்களுக்கு அங்கே அரை நாள் நன்றாகப் போகிறது என்கிறார்கள். அது என் எண்ணத்தைக் கொஞ்சம் அசைக்கலாம், புரட்டிப்போடும் என்று தோன்றவில்லை. மம்மியும் பேட்டில்ஸ்டாரும் அதே உயரத்தைத்தான் கேட்கும். சூப்பர் நின்டெண்டோ வேர்ல்டும் அங்கே வரும் என்று அறிவித்திருக்கிறார்கள். வந்த பிறகு போய்ப் பார்த்துவிட்டு மறுபடி எழுத வேண்டும்.

சிங்கப்பூர்தான் என்று முடிவாகிவிட்டது, ஆனால் குழந்தை சின்னது என்றால், எல்லை தாண்டி ஜொகூரில் இருக்கும் லெகோலேண்டையும் யோசியுங்கள். அது பன்னிரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கென்றே கட்டியது. நிழல் குறைவு, தொப்பி அவசியம். வளைகுடாவில் இருக்கும் நம்மவர்களுக்கு அபுதாபியின் யாஸ் தீவு பக்கம். வார்னர் பிரதர்ஸ் பூங்கா முழுக்கக் கூரைக்குள், ஏசியில் இருக்கிறது. அதே தீவில் டிஸ்னி வரப்போவதாக 2025 மே மாதம் அறிவித்தார்கள். கட்டுவது மிரால் நிறுவனம், பெயரும் வடிவமைப்பும் டிஸ்னியுடையது.

எங்கே போவதாக இருந்தாலும் டிக்கெட் போடும் முன் குழந்தையைச் செருப்பில்லாமல் சுவரோடு நிறுத்தி அளந்து, பூங்காவின் இணையதளத்தில் இருக்கும் ரைடு பட்டியலோடு வைத்துப் பாருங்கள். ஹாங்காங் என்றால் சீனப் புத்தாண்டையும் அக்டோபர் முதல் வாரத்தையும் தவிர்த்துவிட்டு, வாரநாளில் போங்கள். கதவு திறந்ததும் நேராக ஃப்ரோசன் பக்கம் நடந்து படகையும் சறுக்கு வண்டியையும் முடித்துவிடுங்கள், பதினோரு மணிக்கு மேல் அங்கே வரிசை நீண்டுவிடும். மிஸ்டிக் மேனரை மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு வைத்துக்கொள்ளலாம், அப்போது எங்களுக்குக் காத்திருக்கவே வேண்டியிருக்கவில்லை.