.275 ரைஃபிளை .315 ஆக்கித் தருவார்களா? நான் போய்வந்த துப்பாக்கிக் கடை

பாலக்காடு மாவட்டத்தின் தமிழக எல்லையில், கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரைப்பதி பக்கம் லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருக்கும் விவசாயிகள் கூடினால் இந்தப் பேச்சு கட்டாயம் வரும்: பழைய ரைஃபிளுக்குத் தோட்டா கிடைப்பதில்லை, பேரலை (குழலை) மட்டும் மாற்றி நாட்டில் கிடைக்கிற தோட்டா அளவுக்குக் கொண்டுவந்தால் என்ன? (.275, .315 என்பதெல்லாம் குழலின் உள்ளளவு, அங்குலக் கணக்கில்.) அந்தக் கேள்வியோடு நான் போய்வந்த கடையைப் பற்றித்தான் எழுதுகிறேன். கடை கேரளத்துக்குள்தான், திருச்சூர் பக்கம். இணையத்தில் பெயர் போட வேண்டாம் என்று கடைக்காரச் சேட்டன் கேட்டுக்கொண்டதால் போடவில்லை.

முதலில் துப்பாக்கியைச் சொல்ல வேண்டும். அப்பா நெல்லியாம்பதியில் எஸ்டேட் கண்டக்டராக (தோட்ட மேற்பார்வையாளராக) இருந்தபோது, ஊர் திரும்பிய ஒரு பிளாண்டரிடமிருந்து முறைப்படி லைசென்ஸில் ஏற்றி வாங்கியது. மவுசர் ஆக்‌ஷன், அதாவது போல்ட் என்கிற தாழைக் கையால் இழுத்துத் தோட்டா ஏற்றுகிற அமைப்பு; அளவு .275. ஜெர்மனியில் 1892 வாக்கில் வந்த 7x57 (7 மில்லிமீட்டர் குண்டு, 57 மில்லிமீட்டர் கூடு) மவுசர் தோட்டாவுக்கு லண்டன் ரிக்பி கம்பெனி வைத்த பெயர்தான் .275. சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைச் சுட்டதற்காக 1907-இல் ஜிம் கார்பெட்டுக்குப் பரிசாக வந்த ரைஃபிளும் இந்த அளவுதான். எங்களுடையது ரிக்பி அல்ல. ஆனாலும் போல்ட்டைத் தூக்கிப் பின்னால் இழுக்கும்போது எங்கும் சிக்காது, உரசாது. இன்று வருகிற புதுத் துப்பாக்கிகளில் அந்த ஓட்டத்தை நான் பார்த்ததில்லை.

அப்பாவுக்குப் பிறகு வாரிசு என்ற முறையில் என் பெயருக்கு மாறியது. என்னிடம் ஒரு 12 போர் இரட்டைக் குழலும் உண்டு. 2019-இல் ஆயுதச் சட்டத்தைத் திருத்தி ஒருவருக்கு மூன்று துப்பாக்கி என்பதை இரண்டாகக் குறைத்துவிட்டார்கள். அதனால் மூன்றாவதாக ஒரு .315 வாங்க வழியில்லை. .275 தோட்டா நம் பக்கத்துக் கடைகளில் கண்ணில் படுவதே அபூர்வம். .315-ஓ உள்நாட்டுத் தயாரிப்பு, கேட்டால் வரும். வேட்டை 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு போயிற்று. ஆனால் காட்டுப்பன்றி நிலக்கடலையையும் மரவள்ளியையும் விட்டபாடில்லை. 2022-இல் பன்றியைச் சுடப் பஞ்சாயத்துத் தலைவரே உத்தரவு போடலாம் என்று கேரள அரசு அதிகாரம் கொடுத்த பிறகு, பட்டியலில் உள்ள லைசென்ஸ்காரர்களுக்கு அழைப்பு வருகிறது. என் பெயரும் பட்டியலில் இருக்கிறது. வேலை செய்கிற ரைஃபிள் வேண்டும் என்று தோன்றியது அதனால்தான்.

போனில் பேசியபோதே கடை பிடித்துவிட்டது. சேட்டன் விலை பேசவில்லை, என்ன துப்பாக்கி என்றுகூட முதலில் கேட்கவில்லை. "லைசென்ஸில ஏரியா எந்தா போட்டிருக்கு?" என்று கேட்டார், லைசென்ஸ் எந்தப் பகுதிக்குச் செல்லும் என்று. கேரளம் மட்டும் என்றேன். "எங்கில் இங்கோட்டு கொண்டுவரலாம், கோயம்புத்தூர் போகண்டா" (அப்படியானால் இங்கே கொண்டுவரலாம், கோயம்புத்தூர் போக வேண்டாம்) என்றார். நமக்கு வேலந்தாவளம் சோதனைச்சாவடியைத் தாண்டினால் கோயம்புத்தூர் பக்கம். ஆனால் லைசென்ஸ் புத்தகத்துக்கு அந்தச் சோதனைச்சாவடிதான் எல்லை. அனுமதி இல்லாமல் தாண்டினால் ரிப்பேருக்கு எடுத்துப் போனேன் என்ற காரணம் எடுபடாது. எல்லையில் வாழ்கிற நமக்கு இதைத் தானாக எடுத்துச் சொல்லும் கடைக்காரர் அருமை.

கடையில் போல்ட்டைக் கழற்றிவிட்டு மெல்லிய கேமரா ஒன்றைப் பேரலுக்குள் விட்டார், படம் அவருடைய போனில் வந்தது. தோட்டா உட்காருகிற சேம்பருக்கு முன்னால், ரைஃப்ளிங் (குண்டைச் சுழற்றுகிற சுருள் வரிகள்) தொடங்குகிற இடத்தில் தேய்மானம் குறைவு. நடுவில் அங்கங்கே துருக்குழி. பழைய காலத்துத் தோட்டாக்களின் பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கிற அடிப்பகுதி) உப்பு விட்டுப் போகும், சுட்ட அன்றே கழுவாவிட்டால் மலைச் சாரலில் அது இரும்பைத் தின்னும் என்றார். பெரிய கோளாறு இருந்தது குழலின் வாயில். யாரோ வருஷக்கணக்காக இரும்புக் கம்பியை முன்பக்கமாக விட்டுத் துடைத்ததில் குழலின் வாய் விளிம்பு ஒரு பக்கம் தேய்ந்திருந்தது. போல்ட் துப்பாக்கியைப் பின்பக்கமாகத்தான் துடைக்க வேண்டும். குண்டு வெளியேறும் கடைசிப் புள்ளி அந்த விளிம்புதான். அது ஒரு பக்கம் தேய்ந்தால் பின்னால் வருகிற வாயு ஒரு பக்கமாக முந்திக்கொண்டு குண்டைச் சாய்த்துவிடும்.

பிறகுதான் .315 பேச்சை எடுத்தார். மேசையில் வெற்றுக் கேஸ்களை (தோட்டாவின் பித்தளைக் கூடுகளை) வரிசையாக நிறுத்தி ஒவ்வொன்றாக என் கையில் கொடுத்தார். .315-க்கு அடியில் விளிம்பு உண்டு, அந்த விளிம்பு ஏறக்குறைய 14 மில்லிமீட்டர். என் தோட்டா விளிம்பில்லாதது, அடி 12 மில்லிமீட்டர். மவுசர் போல்ட்டின் முகமும், தோட்டாவைக் கவ்வி இழுக்கிற நீளக் கொக்கியும், தோட்டாக்களை அடுக்குகிற மேகசினும் அந்த விளிம்பில்லாத 12-க்காகவே செதுக்கியவை. .315 உள்ளே உட்காராது, விளிம்பு ஒன்றன்மேல் ஒன்று மாட்டும். இஷாப்பூர் அரசு ஆலையில் செய்த .315 ரைஃபிள்கள் லீ என்ஃபீல்டு ஆக்‌ஷனில் இருப்பது இதனால்தான். அது விளிம்புத் தோட்டாவுக்கென்றே பிறந்த அமைப்பு. பேரலை மட்டும் மாற்றினால் .315 ஆகிவிடும் என்று நம் பக்கம் சொல்பவர்கள் இந்த ஒரு விஷயத்தைப் பார்ப்பதில்லை.

இன்னொரு அளவான .30-06 என்றால்? அடி அளவு அதே 12, போல்ட் ஒத்துக்கொள்ளும். கேஸ் மட்டும் 57-க்குப் பதில் 63 மில்லிமீட்டர், முழுத் தோட்டா 78-க்குப் பதில் 85 கிட்ட வரும். என் மேகசின் பெட்டிக்குள் வைத்துக் காட்டினார், நுழையவில்லை. பெட்டியை நீட்ட வேண்டும், தோட்டா ஏறும் சரிவை வெட்ட வேண்டும். நூறு வருஷ ஆக்‌ஷனில் முன்பக்கத்து இரும்பைக் குறைப்பது தனக்கு உடன்பாடில்லை என்றார். 8x57 ஆக்குவதுதான் தொழில்நுட்பமாகச் சுலபம், அது .275-க்கு அண்ணன் முறை. 1888-இல் வந்த கேஸ். ஆனால் அதற்கும் இங்கே தோட்டா கிடையாது. .303 ராணுவ அளவு, தனியாருக்குத் தடை.

ஹெட்ஸ்பேஸ் பற்றி அவர் சொன்னதைத் துப்பாக்கி வைத்திருக்கிற ஒவ்வொருவரும் கேட்டிருக்க வேண்டும். போல்ட்டின் முகத்துக்கும், சேம்பரில் தோட்டா தங்கி நிற்கிற இடத்துக்கும் உள்ள தூரம் அது. விளிம்புத் தோட்டா விளிம்பில் நிற்கும், விளிம்பில்லாதது தோள்பட்டையில் நிற்கும். இடைவெளி கூடினால் கேஸ் கிழிந்து சூடான வாயு முகத்துக்கு வரும். இதை அளக்க இரண்டு எஃகு அச்சுகள் வைத்திருக்கிறார். ஒன்றை வைத்தால் போல்ட் மூட வேண்டும், மற்றதை வைத்தால் மூடக் கூடாது. என்னையே மூடிப் பார்க்கச் சொன்னார். முதலாவதில் மூடியது, இரண்டாவதில் நின்றுவிட்டது. எல்லைக்கு அந்தப்பக்கம் ஒரு லேத் பட்டறையில் "எந்தப் பேரல் வேணும்னாலும் மாட்டித் தர்றோம்" என்று எனக்குச் சொன்னார்கள். அங்கே இந்த அச்சும் இல்லை, ஆயுத வேலைக்கான லைசென்ஸும் இல்லை. தயவுசெய்து யாரும் அப்படிப்பட்ட இடத்தில் கொடுக்காதீர்கள். கன்னத்தை ஸ்டாக்கில் (துப்பாக்கியின் மரக்கட்டையில்) வைத்துச் சுடுகிறோம், கண் அங்கேதான் இருக்கிறது.

காகித விஷயத்தையும் அவரே சொன்னார். அதே 2019 திருத்தத்தின்படி ஒரு வகைத் துப்பாக்கியை வேறு வகையாக மாற்றுவதோ, அதன் திறனைக் கூட்டுவதோ அதற்கான லைசென்ஸ் இல்லாமல் குற்றம். புத்தகத்தில் எழுதியிருக்கிற அளவு ஒன்று, கையில் இருக்கிற அளவு வேறு என்றானால் புதுப்பிக்கப் போகிற அன்றைக்கு கலெக்டரேட்டில் மாட்டுவோம். இப்போது ஐந்து வருஷத்துக்கு ஒரு முறைதான் புதுப்பிப்பு, அதனால் மறந்துபோய்விடுகிறது என்றார்.

ஆகவே பேரல் மாறவில்லை. குழலின் நீளம் குறையாதபடி வாய் விளிம்பை மட்டும் சமன்செய்தார், குண்டுகளிலிருந்து உள்ளே படிந்த செம்பைக் கரைத்தெடுத்தார், ஸ்டாக்கில் ஆக்‌ஷன் உட்காரும் பள்ளத்தில் வீங்கியிருந்த மரத்தைச் சுரண்டினார், போல்ட் ஸ்பிரிங் புதிது போட்டார். ரைஃபிளை அவருடைய பாதுகாப்பு அறையில் விட்டு வந்ததற்கு நம்பரோடு ரசீது கொடுத்தார். திரும்ப வாங்கியபின் ரைஃபிள் கிளப் ரேஞ்சில், மிச்சமிருந்த தோட்டாவில் சிலதை 50 மீட்டரில் சுட்டேன். முன்பு அட்டை முழுக்கச் சிதறியவை உள்ளங்கைக்குள் அடங்கின. அப்பா இருந்திருந்தால் அந்த அட்டையை வாங்கி வைத்துக்கொண்டிருப்பார்.

குறைகளும் உண்டு. சொன்ன தேதிக்கு வேலை முடியவில்லை, பலமுறை தள்ளிப்போனது. போன் எடுப்பது சேட்டனுக்குப் பழக்கமில்லை, மெசேஜுக்கும் பதில் வராது. ரசீதில் மொத்தத் தொகை மட்டும் இருந்தது. அளந்த அளவுகளை எழுதித் தரச் சொல்லி நானாகக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. எழுதித் தந்தது நேர்த்தியாக இருந்தது என்பதால் இதை எல்லாருக்கும் அவர் வழக்கமாகச் செய்யலாம். கூலி குறைவில்லை, ஆனால் செய்த வேலைக்குத் தகும்.

பன்றிக்கு என்ன செய்வது என்று கிளம்பும்போது கேட்டேன். நம் கிழக்குச் சித்தூர் சமநிலம், தென்னந்தோப்புகளுக்குள்ளே அங்கங்கே வீடுகள். இந்த மாதிரி ரைஃபிள் குண்டு தவறினால் மூன்று கிலோமீட்டரையும் தாண்டிப் போகும். இராத்திரியில், டார்ச் வெளிச்சத்தில், பின்னால் மண்மேடு இல்லாத இடத்தில் அது வேண்டாம், 12 போரே போதும், கிட்டப் போய்ச் சுடு என்றார். எனக்கும் அது சரியென்றே படுகிறது. இப்போது பஞ்சாயத்து அழைப்புக்கு இரட்டைக் குழலைத்தான் எடுத்துப் போகிறேன்.

போகிறவர்கள் லைசென்ஸ் அசல் புத்தகத்தைக் கொண்டு போங்கள், நகல் காட்டினால் துப்பாக்கியைத் தொடவே மாட்டார். போல்ட்டைத் தனியாகப் பையில் வையுங்கள், தோட்டாவை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். தேர்தல் அறிவிப்பு வருகிற சமயம் துப்பாக்கியை டெபாசிட் செய்ய வருகிறவர்களால் கடை நிரம்பிவிடும், அந்த மாதங்களில் ரிப்பேர் வேலை எடுப்பதில்லை.